கீற்றோன் பொடி குடித்தபின் சீனி இறங்கியது ஏன்? தசைக்கு அதனால் என்ன?

கேள்வி: எனக்கு 48 வயது, எடை 72 கிலோ. திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன், உடற்கல்வி ஆசிரியர். ஆறு வருடமாக நீரிழிவு. கிளினிக்கில் தந்தபடி மெற்போமின் 500 காலையும் மாலையும் ஒவ்வொன்று, கிளிக்லசைட் காலையில் 80, மாலையில் 40, பிரஷருக்கு லோசாட்டன் 50 எடுக்கிறேன். கடைசி எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் சோதனை) 7.6. கனடாவிலுள்ள மச்சான் கீற்றோன் பொடி இரண்டு டின்னும், கசப்பான திரவம் சில சின்னப் போத்தல்களும் அனுப்பியிருக்கிறார். சீனி குறையும், கொழுப்புக் கரையும், தசை கூடும் என்கிறார். பின்னேரம் ஐந்து மணிக்கு ஒரு கரண்டி பொடியைக் கரைத்துக் குடித்துவிட்டு சாம்பல்தீவுப் பாலம் வரை சைக்கிள் ஓடிவிட்டு வந்தேன். போகமுன் 168, வந்தபின் 124. இப்படியே இரண்டு நேரமும் குடித்துக்கொண்டு மாலைக் குளிசையை விட்டுவிடலாமா? பொடி முடிந்தபின் தேங்காய் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி குடித்தால் அதே வேலை செய்யுமா? டின்னின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: குளிசையை நீங்களாக விடவேண்டாம். குளிசையை எடுத்துக்கொண்டு பொடியையும் குடித்துவிட்டு சைக்கிள் ஓடுவதையும் இன்றோடு நிறுத்துங்கள். கிளினிக்கில் கேட்கும்வரை டின் மூடியபடி இருக்கட்டும்.

அந்த 44 புள்ளி இறக்கத்துக்கு உரிமை கோர மூன்று பேர் இருக்கிறார்கள். ஒன்று சைக்கிள். முக்கால் மணிநேரம் மிதித்தால், கிளிக்லசைட் எடுக்கும் ஒருவருக்கு முப்பது நாற்பது இறங்குவது வழமையானது. மிதிக்கும் தசை இன்சுலினின் அனுமதிக்குக் காத்திராமலே இரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுக்கும். இரண்டாவது, காலையில் விழுங்கிய 80 மில்லிகிராம் கிளிக்லசைட். அதன் வேலை மத்தியானத்தோடு முடிவதில்லை, பின்னேரம் ஐந்து மணிக்கும் கணையத்தைத் தூண்டிக்கொண்டுதான் இருக்கும். மூன்றாவதுதான் பொடி. இவற்றோடு மீற்றரின் பிழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டு மீற்றர்களுக்கான சர்வதேசத் தரம், 100க்கு மேற்பட்ட வாசிப்புகளில் 15 சதவீதம் கூடவோ குறையவோ காட்ட இடமளிக்கிறது. 168 என்பது 145 ஆகவும் இருந்திருக்கலாம், 124 என்பது 140 ஆகவும் இருந்திருக்கலாம். ஒரு நாள், இரண்டு வாசிப்பு, இடையில் ஒரு சைக்கிள் ஓட்டம்: இதை வைத்துப் பொடிக்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது.

ஆனாலும் பொடி சீனியைத் தொடவே இல்லை என்றும் சொல்லமாட்டேன். வெளியிலிருந்து கொடுக்கும் கீற்றோன் இரத்தக் குளுக்கோஸை இறக்கும் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். எப்படி இறக்குகிறது என்பதில்தான் உங்கள் கேள்விகளுக்கு விடை இருக்கிறது.

டின்னில் இருப்பது பீற்றா ஐதரொக்சி பியூற்றிரேற்று. பட்டினி கிடக்கும்போது கொழுப்பிலிருந்து ஈரல் தயாரிக்கும் அதே எரிபொருள். இரவு முழுக்கச் சாப்பிடாமல் காலையில் எழும்போது இரத்தத்தில் இது லீற்றருக்கு அரை மில்லிமோலுக்குள் இருக்கும். பொடியாகக் கிடைக்கும் உப்பு வகையைக் குடித்தால் ஏறக்குறைய 1 மில்லிமோல் வரை ஏறும். போத்தலில் உள்ள கசப்புத் திரவம் எஸ்தர் வகை, அது ஒரு மணிநேரத்துக்குள் 3 மில்லிமோலை நெருங்கவும் கூடும். வயிறு நிறைந்திருந்தால் இரண்டும் குறைவாகத்தான் ஏறும். எதுவானாலும் மூன்று நான்கு மணிநேரத்தில் பெரும்பாலும் எரிந்து தீர்ந்துவிடும்.

இரத்தத்தில் கீற்றோன் ஏறியதும் ஈரல் குளுக்கோஸை வெளியே விடுவதைக் குறைக்கிறது. தசையிலிருந்து ஈரலுக்குப் போகும் அலனின் என்ற அமினோ அமிலமும் குறைவதால், புதிதாகக் குளுக்கோஸ் செய்ய அதற்கு மூலப்பொருளும் குறைகிறது. கொழுப்புக் கலங்கள் கொழுப்பமிலத்தை வெளிவிடுவதும் அடங்குகிறது, சிலருக்கு இன்சுலினும் சற்றுக் கூடுகிறது. ஆரோக்கியமானவர்களில் இந்த இறக்கம் டெசிலீற்றருக்கு ஏறக்குறைய 10 முதல் 18 மில்லிகிராம் அளவு. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நீரிழிவில்லாத இளையவர்களுக்கு எஸ்தர் கொடுத்து அரைமணிநேரம் கழித்து 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்தபோது சீனி ஏற்றம் மொத்தத்தில் 17 சதவீதம் குறைந்திருந்தது.

இதில் தசை எங்கே வருகிறது? சீனி இறங்கினால் தசை அதை எரித்துவிட்டது என்றுதான் எவரும் நினைப்பார்கள். இங்கே நடப்பது நேர்மாறு. தசைக் கலத்தின் சக்தி அறையான இழைமணிக்குள் கீற்றோன் நுழைந்து, அங்கே எரியத் தயாரான அசற்றைல் கோஎன்சைம் ஏ ஆக மாறுகிறது. அது நிறைந்துவிட்டால், குளுக்கோஸ் உடைந்து வரும் பைருவேற்றை எரிபாதைக்குள் விடும் நொதியம் மந்தமாகிறது, அதற்கு மேற்படியில் குளுக்கோஸை உடைக்கும் பாதையும் தணிகிறது. சமையலறையில் காஸ் அடுப்பு எரியும்போது விறகை யாரும் தள்ளுவதில்லை அல்லவா, அதுபோல. தசை கீற்றோனையும் தன்னுள் சேமித்த கொழுப்பையும் எரிக்கிறது, குளுக்கோஸை மிச்சம் பிடிக்கிறது, லக்டேற்று குறைவாக உண்டாகிறது. மீற்றரில் நீங்கள் பார்க்கும் இறக்கத்தில் பொடியின் பங்கு, ஈரல் குழாயைச் சில மணிநேரம் இறுக்கியதால் வந்தது. தசை கூடுதலாகச் சீனி தின்றதால் வந்ததல்ல.

உங்களுக்கு இருக்கும் இரண்டாம் வகை நீரிழிவின் நடுப்பிரச்சினை தசை இன்சுலினுக்குச் செவிசாய்க்காததுதான். சைக்கிள் அதைத் திருத்துகிறது. ஒரு நாள் மிதித்தால் அடுத்த 24 முதல் 48 மணிநேரம் தசை இன்சுலினுக்கு நன்றாக இணங்கும். பொடி அதைத் திருத்துவதில்லை. குடித்த கீற்றோன் எரிந்து தீர்ந்ததும் ஈரல் பழையபடி குழாயைத் திறந்துவிடும். எச்பிஏ1சி என்பது ஏறக்குறைய மூன்று மாதத்துக் கணக்கு. மூன்று மணிநேர இறக்கங்களால் அது நம்பத்தக்க அளவு குறையும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை.

கொழுப்புக் கரையும் என்ற பேச்சு சுத்தப் பிழை. பட்டினியில் உண்டாகும் கீற்றோன் உங்கள் கொழுப்பு எரிவதன் அடையாளம். வாயால் குடிக்கும் கீற்றோன் உங்கள் கொழுப்பை வெளியே வரவிடாமல் தடுக்கிறது, போதாததற்குக் கிராமுக்கு நாலரைக் கலோரிக்கு மேல் தானும் கொண்டுவருகிறது.

தசை கூடும் என்பதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. கீற்றோன் இருக்கும்போது தசைப்புரதம் உடைவது குறைகிறது, புரதம் கட்டும் சமிக்ஞைகள் சற்று உயர்கின்றன என்பதைச் சில மணிநேர அளவீடுகள் காட்டியுள்ளன. காய்ச்சல், கடும் நோய்ப் படுக்கை போன்ற நிலைகளுக்கு அது பயன்படுமா என்று பார்க்கிறார்கள், அது நல்ல கேள்வி. நடமாடித் திரிகிற நீரிழிவுக்காரர் ஒருவர் பொடி குடித்து மாதக்கணக்கில் தசை வளர்த்தார் என்பதற்கு அது ஆதாரமாகாது.

சைக்கிள் வேகத்தைப் பொறுத்தவரை பெறுபேறு இரண்டுபக்கமும் இழுக்கிறது. 2016இல் பயிற்சி பெற்ற சைக்கிளோட்டக்காரர்கள் எஸ்தரையும் மாச்சத்தையும் சேர்த்துக் குடித்து, ஒரு மணிநேரம் ஓடியபின் அரைமணிநேரப் போட்டியில் சுமார் 2 சதவீதம் கூடுதல் தூரம் ஓடினார்கள். அடுத்த ஆண்டே, வேறொரு வகை எஸ்தரைக் குடித்த தேர்ந்த சைக்கிளோட்டக்காரர்கள் வயிற்றுக் குழப்பத்தோடு சுமார் 2 சதவீதம் மெதுவாக ஓடினார்கள். பின்வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில் குறிப்பிடத்தக்க நன்மை தெரியவில்லை. ஏற்றத்தில் எழும்பி மிதிக்கும்போதும் கடைசி நிமிடத்தில் விரைவெடுக்கும்போதும் தசைக்குத் தேவை வேகமாக உடையும் குளுக்கோஸ். கீற்றோன் மந்தமாக்குவது அந்தப் பாதையைத்தான். உங்கள் மாணவர்கள் யாராவது இதைக் கேட்டால் இந்தப் பந்தியைக் காட்டுங்கள்.

இனி டின்னின் பின்பக்கம். ஒரு கரண்டியில் கீற்றோன் 11.7 கிராம், சோடியம் 1,300 மில்லிகிராம், கல்சியம் 590, மக்னீசியம் 320 என்று போட்டிருக்கிறது. இரண்டு நேரமும் குடித்தால் சோடியம் மட்டும் 2,600 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 2,000க்குள் இருக்கச் சொல்கிறது, அதாவது 5 கிராம் உப்பு. உங்கள் டின் 6.6 கிராம் உப்புக்குச் சமமான சோடியத்தைக் குளிர்பானச் சுவையில் ஊற்றிவிடும். அதற்குமேல் கருவாட்டுக் குழம்பு, ஊறுகாய், பாண். பிரஷருக்கு ஒரு பக்கம் லோசாட்டன் விழுங்கிக்கொண்டு மறுபக்கம் இதைக் குடிப்பது வீண் வேலை. மக்னீசியம் 640 மில்லிகிராம் ஆகும். குளிசையாகவோ பொடியாகவோ 350க்கு மேல் போனால் பலருக்கு வயிறு கழியும். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் நிலாவெளிப் பக்கம் வியர்த்தபடி ஓடும்போது வயிற்றோட்டமும் சேர்ந்தால் நீரிழப்பு, நீரிழப்போடு மெற்போமினும் லோசாட்டனும் என்றால் சிறுநீரகத்துக்குச் சுமை. வேறு சில தயாரிப்புகளில் சோடியத்துக்குப் பதிலாகப் பொற்றாசியம் இருக்கும். லோசாட்டன் எடுப்பவர்கள் அவற்றை வாங்கவே கூடாது. இரத்தத்தில் பொற்றாசியம் ஏறி இதயத் துடிப்பைக் குழப்பும்.

போத்தல் திரவத்தில் சோடியம் இல்லை, ஆனால் வேலை கடுமையானது. இவ்வகைப் போத்தல்கள் பெரும்பாலும் 25 கிராம் அளவில் வரும். உங்கள் எடைக்கு அது கிலோவுக்கு 350 மில்லிகிராம். குடலில் பிரிந்ததும் அதில் பாதி பியூட்டேன் டையோல் என்ற மதுசார வகையாகி, ஈரலில் கீற்றோனாக மாறுகிறது. வெறும் வயிற்றில் குடித்தால் குமட்டலும் தலைக்கிறுக்கும் வருவது இதனாலும்தான்.

இவற்றையெல்லாம் விடக் கிளிக்லசைட்டோடு சேர்வதுதான் எனக்குப் பயம். அந்தக் குளிசை இரத்தச் சீனி எவ்வளவு என்று பாராமல் இன்சுலினை விடச்செய்யும். சைக்கிள் தசை சீனியை இழுக்கும். சீனி இறங்கும்போது வழமையாக ஈரல்தான் காப்பாற்றும், அந்த ஈரலைப் பொடி அடக்கிவைத்திருக்கும். மூன்றும் ஒரே நேரத்தில். இன்னொன்றும் உண்டு: கீற்றோன் ஏறியிருக்கும்போது சீனி குறைந்தால், மூளை கீற்றோனை எரித்துச் சமாளிப்பதால் அட்ரினலின் எச்சரிக்கை மழுங்கிவிடுகிறது. நடுக்கமும் படபடப்பும் பிந்தி வரும். வியர்வையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், திருகோணமலை வெயிலில் சைக்கிள் ஓடுபவருக்கு எந்த வியர்வை எதற்கென்று தெரியாது.

பொடி இல்லாமலும் இந்த ஆபத்து உங்களுக்கு இருக்கிறது, ஆகவே இதைக் குறித்துவையுங்கள். புறப்படமுன் சீனியைப் பாருங்கள். 100க்குக் கீழ் இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு மூன்று பிஸ்கற்றோ சாப்பிட்டுவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்துப் போங்கள். சட்டைப்பையில் மூன்று தேக்கரண்டி சீனி ஒரு சின்னப் பையில் இருக்கட்டும். ஓடும்போது தலை லேசானாலோ, கண் மங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ இறங்கிச் சீனியைத் தண்ணீரோடு விழுங்குங்கள், 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். 70க்குக் கீழேயே நின்றால் இன்னொரு தடவை. ஏறியதும் சோறோ பாணோ சாப்பிடவேண்டும், ஏனென்றால் கிளிக்லசைட்டால் வரும் சீனிக் குறைவு சில மணிநேரம் கழித்துத் திரும்பவும் வரும். படுக்கமுன்னும் ஒருமுறை பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது, 1990 அம்புலன்ஸை அழைக்கவேண்டும். இதை வீட்டாருக்கும் சொல்லிவையுங்கள்.

கீற்றோன் என்றதும் கீற்றோ அமிலத்தேக்கம், அதாவது கீற்றோன் மிகையாகி இரத்தம் அமிலமாகும் ஆபத்தான நிலை, நினைவுக்கு வரும். இன்சுலின் சுரக்கும் ஒருவர் ஒரு கரண்டி பொடி குடித்ததால் மட்டும் அது வராது. ஆனால் முதலாம் வகை நீரிழிவுள்ளவர்களும், எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் என்ற நீரிழிவுக் குளிசைகளை எடுப்பவர்களும் இந்தப் பொடிப் பக்கமே போகவேண்டாம். அந்தக் குளிசைகளால், சீனி 200க்குக் கீழ் இருக்கும்போதே அமிலத்தேக்கம் வரலாம். அப்போது இரத்தக் கீற்றோனை அளந்துதான் கண்டுபிடிப்பார்கள். பொடி குடித்தவரின் அளவு ஏற்கெனவே ஏறிக்கிடந்தால் வைத்தியர் எதை நம்புவார்? உங்கள் கிளினிக்கில் பின்னாளில் இவற்றில் ஒன்றைத் தொடங்கினால், அன்றைக்கே டின்னைக் கழித்துவிடுங்கள். சிறுநீர்ப் பட்டியை வைத்துச் சரிபார்க்கலாம் என்றும் நினைக்கவேண்டாம். அது அசற்றோ அசற்றேற்றைத்தான் காட்டும், நீங்கள் குடிப்பதைக் காட்டாது.

தேங்காய் எண்ணெய்க் கேள்வி. ஈரலில் விரைவாகக் கீற்றோனாவது எட்டுக் காபன் நீளமுள்ள கப்ரிலிக் அமிலம். தேங்காய் எண்ணெயில் அது சுமார் 7 சதவீதம். இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 27 கிராம் எண்ணெய் குடித்தால் 2 கிராமுக்கும் குறைவு. அரைவாசியளவு லோரிக் அமிலம், அது பெரும்பாலும் சாதாரணக் கொழுப்புப் போலவே நிணநீர் வழியாகப் போகும், கெட்ட கொலஸ்ட்ரோலையும் ஏற்றும். இத்தனைக்கும் விலை 240 கலோரி. சொதியிலும் பிட்டிலும் சம்பலிலும் தேங்காய் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது, தனியாகக் குடிக்கத் தேவையில்லை.

அப்படியென்றால் 7.6ஐ எப்படி 7க்குக் கொண்டுவருவது? அடுத்த கிளினிக்கில் மூன்று விஷயம் கேளுங்கள். நீங்கள் எடுக்கும் மெற்போமின் நாளுக்கு 1,000 மில்லிகிராம்தான். சிறுநீரகம் சரியாக இருந்தால் அதை 2,000 வரை படிப்படியாகக் கூட்ட இடமிருக்கிறது, அது தனியாகச் சீனியைக் கடுமையாக இறக்கிவிடாது. அதைக் கூட்டி, கிளிக்லசைட்டைக் குறைக்க முடியுமா? சைக்கிள் ஓடும் நாட்களில் கிளிக்லசைட்டை எப்படி எடுப்பது? சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினினும் சிறுநீர் அல்புமினும் கடைசியாக எப்போது பார்த்தது?

பொடி செய்வதாகச் சொல்லும் வேலையை நேர்மையாகச் செய்வது சாப்பாட்டுக்குப் பின் பதினைந்து நிமிட நடை. சீனி ஏறும் நேரத்திலேயே தசை அதை வாங்கிக்கொள்ளும். மத்தியானம் பாடசாலை மைதானத்தை இரண்டு சுற்று நடந்தாலும் போதும். தட்டில் மீனையும் மரக்கறியையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் ஏற்றம் தணிவாக இருக்கும்.

தசைக்கு சைக்கிள் மட்டும் போதாது. கிழமையில் இரண்டு மூன்று நாள், நடுவில் ஒருநாள் ஓய்வுவிட்டு, எதிர்ப்புப் பயிற்சி வேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு தடவை, இரண்டு மூன்று சுற்று. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவருக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை, ஆனால் மாதக்கணக்கில் ஒரே பாரத்தையே தூக்கிக்கொண்டிருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களும் இருக்கிறார்கள். பன்னிரண்டு சுலபமானால் பாரத்தைக் கூட்டுங்கள். புரதம், சிறுநீரகம் சரி என்று தெரிந்தபின், கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம்: உங்களுக்கு 72 முதல் 86. சமைத்த சூரை அல்லது பாரை 100 கிராமில் சுமார் 25, முட்டை ஒன்றில் 6, அவித்த கடலை 100 கிராமில் 9. மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுங்கள். காலையில் வெறும் இடியப்பமும் சொதியும் என்றால் அந்தவேளை புரதம் மிகக் குறைவு, ஒரு முட்டையோ ஒரு கோப்பை கடலையோ சேருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பொடி உங்களில் என்ன செய்கிறது என்று அறிய ஆசையிருந்து, வைத்தியரும் கிளிக்லசைட்டைச் சரிசெய்து சம்மதித்தால், ஒழுங்காகச் சோதியுங்கள். லீவு நாட்களில் ஒரே காலைச் சாப்பாடு, ஒரே அளவு, ஒரே நேரம், சைக்கிள் இல்லாமல். மூன்று நாள் அரைக் கரண்டி பொடியைச் சாப்பாட்டுக்கு அரைமணிநேரம் முன் குடித்து, மூன்று நாள் வெறும் தண்ணீர் குடித்து, மாறிமாறி. சாப்பிடமுன், 30, 60, 120 நிமிடத்தில் நான்கு வாசிப்பு. கையைச் சோப்புப்போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள், விரலில் ஒட்டிய பழச்சாறு மட்டுமே வாசிப்பை எங்கேயோ கொண்டுபோகும். இரண்டு வகை நாட்களின் சராசரிக்கும் இடையில் 15க்குக் குறைவான வித்தியாசம் வந்தால், அது மீற்றரின் பிழை என்று எடுத்துக்கொள்ளுங்கள். 70க்குக் கீழ் ஒரு வாசிப்பு வந்தாலும் சோதனை அன்றோடு முடிந்தது.

இதற்கு 24 ஸ்ட்ரிப் வேண்டும், இங்கே அது சின்னச் செலவல்ல. மச்சானுக்கு இன்னும் ஏதாவது அனுப்ப ஆசையென்றால் உங்கள் மீற்றருக்குப் பொருந்தும் ஸ்ட்ரிப் பெட்டி அனுப்பச் சொல்லுங்கள். மீற்றரின் மாதிரி இலக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள், கனடாவில் விற்கும் ஸ்ட்ரிப் எல்லாம் இங்குள்ள மீற்றருக்கு ஒத்துவராது. காலாவதித் திகதி குறைந்தது ஒரு வருடம் தள்ளியிருக்கட்டும். வந்ததும் மூடியை இறுக்கி, வெயில் படாத இடத்தில் 30 பாகைக்குக் கீழ் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கவேண்டாம், ஈரம் பிடித்த ஸ்ட்ரிப் பிழையான எண்ணைக் காட்டும்.